இருநூற்று நாற்பத்தேழாவது கெஜம்

சூரியனிலிருந்து சனி கிரகம் இருநூற்று நாற்பத்தேழு கெஜம். பினாங்கு கடைத்தெருவில் கயிறு பிடித்து அளந்தால் அது சரியாக ஓர் இட்டிலிக்கடை வாசலில் போய் முடியும். இதில் என் தவறு ஒன்றும் இல்லை என்று பல பேரிடம் சொல்லிப் பார்த்தேன். அளவு புத்தகத்தினுடையது. தெரு முனிசிபலுடையது. கயிறு கிட்டங்கியினுடையது. கயிற்றைப் பிடித்த கை மட்டும்தான் என்னுடையது.

அப்போது நான் கடலோரத்தில் ஓர் அரிசிக் கிட்டங்கியில் மூட்டை எண்ணுகிறவனாக இருந்தேன். ரங்கூனிலிருந்து கப்பல் வரும். தொங்கான் என்கிற சரக்குப் படகுகள் மூட்டைகளைக் கரைக்குக் கொண்டுவரும். ஆட்கள் முதுகில் சுமந்து என்னைத் தாண்டிப் போவார்கள், நான் கோடு போடுவேன். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு முடிந்துபோனது. இங்கிலீஷ், மூட்டைகளின் மேலும் பெட்டிகளின் மேலும் அச்சடித்திருந்ததைப் படித்துப் படித்து வந்தது. ஆகையால் வெகுநாள் வரை எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் ‘கொக்கி போடாதே’, ‘நனையவிடாதே’ என்கிற வகைதான். அந்த அறிவை வைத்துக்கொண்டு, பழைய சாமான் விற்கிறவனிடம் அட்டை போன ஒரு வான சாஸ்திரப் புத்தகத்தை வாங்கி, அகராதியும் கையுமாக இரண்டு வருஷத்தில் படித்து முடித்தேன். அதில் கடைசி இருபது பக்கம் கிழிந்து போயிருந்தது. பிரபஞ்சம் எப்படி முடிகிறது என்பது ரொம்ப காலம் எனக்குத் தெரியாமலே இருந்தது.

இன்னொரு பழக்கமும் உண்டு. யாராவது ஒரு வார்த்தை நன்றாகச் சொன்னால், மூட்டைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். இங்கே மற்றவர்கள் பேசுவதாக வருவதெல்லாம் அந்தப் பின்பக்கத்திலிருந்து எடுத்தது.

கடைத்தெருவின் மேற்குப் பக்கத்தில், மசாலா அரைக்கிற கடைக்கு மேல்மாடியில் எங்கள் வாசகசாலை இருந்தது. பத்திரிகை படிக்க வருகிறவர்கள் தும்மிக்கொண்டே படிப்பார்கள். அதன் காரியதரிசி ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொற்பொழிவு வைப்பார். அதற்கு முந்திய மாதம் நல்லொழுக்கத்தைப் பற்றி ஒருவர் பேசினார். ஏழு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மழை விட்டதும் போய்விட்டார்கள். பேசினவர் மழையைத் திட்டியதோடு கூட்டம் முடிந்தது.

காரியதரிசி என்னைக் கூப்பிட்டார். “அடுத்த மாசம் நீ வானத்தைப் பத்திப் பேசேன்யா. வானத்தைப் பத்திப் பேசுனா யாரும் சண்டைக்கு வரமாட்டான்” என்றார்.

இதைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

உட்கார வைத்தால் தூங்குவார்கள், ஆகவே நடக்க வைப்பது என்று முடிவு செய்தேன். ஓர் அங்குலத்துக்கு ஒரு லட்சம் மைல் என்று கணக்கு. அப்படிச் சுருக்கினால் சூரியன் ஒரு பெரிய பம்பளிமாஸ் பழம். பூமி ஒரு கடுகு. சுக்கிரனும் கடுகுதான். புதனுக்கும் செவ்வாய்க்கும் கசகசா போதும். குரு என்கிற வியாழன் ஒரு கொட்டைப்பாக்கு. சனி ஒரு ஜாதிக்காய். பாலிக் பூலாவ் தோட்டத்து ஜாதிக்காய் என்றால் அளவு அச்சாக இருக்கும். அதற்கப்பால் வெள்ளைக்காரர்கள் தூரதர்சினி வைத்துக் கண்டுபிடித்த யுரேனஸ், நெப்டியூன் இரண்டும் இரண்டு கொண்டைக்கடலை. பிரபஞ்சத்துக்கு வேண்டிய சாமான் முழுவதையும் ஒரே மளிகைக் கடையில் வாங்கிவிட்டேன். பழம் மட்டும் பாசார் என்கிற சந்தையில்.

இந்தச் சாமான்களை அந்தந்தத் தூரத்தில் வைத்து, ஜனங்களைக் கூட்டிக்கொண்டு சூரியனிலிருந்து கடல் வரை நடந்தால் எல்லாம் விளங்கிவிடும். கடைத்தெரு அதற்கென்றே போட்டது மாதிரி நேராகக் கிழக்கே கடலுக்குப் போகிறது. ஒரு புதன்கிழமை விடியலில் கயிறும் சாக்கட்டியுமாக இறங்கினேன். வாசகசாலை வாசல், சூரியன். பத்தாவது கெஜத்தில் நாவிதர் கடை, புதன். பத்தொன்பதில் பூ கட்டி விற்கிற கடை, சுக்கிரன். இருபத்தாறில் பூமி வந்தது. அங்கே கடை இல்லை, தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் இருந்தன. நாற்பதில் கரி மூட்டை விற்கிற கடை, செவ்வாய். அதற்கப்புறம் வெகுதூரம் ஒன்றும் இல்லை. நூற்று முப்பத்தைந்தில் நகை செய்கிற பத்தர் கடை வாசலில் குரு. மறுபடியும் நீளமாக ஒன்றும் இல்லை. இருநூற்று நாற்பத்தேழில் சனி. யுரேனஸ் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் பூட்டிய கதவில் விழுந்தது. நெப்டியூன் எழுநூற்று எழுபத்தேழாவது கெஜம், படகுத்துறையின் கடைசி மரத்தூண். அதற்கு மேல் தெருவும் இல்லை, கிரகமும் இல்லை.

கடைகளுக்கு முன்னால் வெயில் மழைக்கு ஒதுங்கி நடக்க விட்டிருக்கும் பாதையை எங்கள் ஊரில் அஞ்சடி என்பார்கள். அந்த அஞ்சடித் தூண்களில், ஞாயிற்றுக்கிழமை இடம் தவறிவிடக்கூடாது என்று, அந்தந்தக் கிரகத்தின் பெயரைச் சாக்கட்டியால் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு வேலைக்குப் போனேன்.

நான் செய்தது இவ்வளவுதான்.

எட்டு மணிக்குள் பத்தர் தன் வாசலைக் கழுவி, கோலம் போடச் சொல்லி, குரு வந்து இறங்கிய தூணுக்கு மஞ்சள் துணி கட்டிவிட்டார். நாவிதர், “புதன் நல்லவரா?” என்று நாலு பேரிடம் விசாரித்துத் திருப்தியானார். பூமி சாக்கடையில் விழுந்ததைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை.

ஒன்பது மணிக்கு இட்டிலிக்கடை அக்கா கிட்டங்கிக்கே வந்துவிட்டார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர். புருஷன் காய்ச்சலில் போன பிறகு பினாங்குக்கு வந்து, இட்டிலியைக் கூடையில் சுமந்து படகுத்துறையில் நின்று விற்றார். வெயிலிலும் மழையிலும் ஏழரை வருஷம். ‘ஒரு கடை போட்டு உக்காருங்கக்கா’ என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் ஜோசியர், ஏழரைச் சனி முடிகிற வரைக்கும் சொந்தமாக ஒரு சுவர்கூட வேண்டாம் என்றிருந்தார். அக்கா நாளை எண்ணிக்கொண்டிருந்தார். சனி விலகியது. அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, கடைத்தெருவில் நாலு பலகையும் இரண்டு அடுப்புமாகக் கடை திறந்தார். அதிலிருந்து பன்னிரண்டாவது நாள் நான் சாக்கட்டியோடு போயிருக்கிறேன்.

“தம்பி, தூண்ல எழுதுனது நீதானா?”

“எந்தத் தூணுக்கா?”

“எனக்குப் படிக்கத் தெரியாது. ரிக்‌ஷாக்காரன் படிச்சான். நாலு இட்டிலி எலையில வச்சாச்சு. படிச்சுட்டு, வேணாங்க்கான்னு எந்திரிச்சுப் போய்ட்டான். என்ன எழுதியிருக்கேன்னு நீயே சொல்லு லா.”

“சனி.”

“சத்தமாச் சொல்லு. மூட்டை தூக்குறவங்களுக்கும் கேக்கட்டும்.”

மூட்டை தூக்குகிறவர்கள் ஏற்கெனவே நின்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காலை ஆகாரம் சாப்பிடுகிற கடை அது.

“அக்கா, அது ஒண்ணும் பண்ணாதுக்கா. வெறும் உருண்டை. ரொம்ப லேசு. அத்தனை பெரிசா ஒரு கடல் இருந்து அதுல சனியத் தூக்கிப் போட்டா மிதக்கும்னு புஸ்தகத்துல எழுதியிருக்கான்.”

“மிதக்கட்டும். என் வாசல்ல ஏன் மிதக்கணும்?”

நான் மனதுக்குள் புத்தகத்தைப் புரட்டினேன். நான் கோடு போட மறந்ததில் அன்று ஒன்பது மூட்டை கணக்கில் வராமல் போனது.

“ஏழரை வருஷம் தம்பி. இன்னும் இத்தனை மாசம், இன்னும் இத்தனை நாளுன்னு இருந்து, போய்ட்டாருடா சாமின்னு இப்பத்தான் கதவத் தொறந்தேன். நீ கயிறு கட்டி இழுத்தாந்து வாசல்லயே விட்டுட்ட. ஞாயித்துக்கெழமைக்குள்ள இத எடுக்கல, திங்கக்கெழமை நான் பழையபடி கூடையோட படகுத்துறைக்கு வந்துருவேன். ஒங்க கண்ணு முன்னாலயே நிப்பேன்.”

நான் ஓடிப் போய்ச் சாக்கட்டி எழுத்தை அழித்தேன். அழித்தது தப்பு. எழுத்தாக இருந்தபோது படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் தெரிந்தது. ஈரத்துணி வைத்து ஒருவன் தூணைத் தேய்க்கிறான் என்றதும் தெருவே வந்து என்ன என்று கேட்டது. வியாழக்கிழமை காலை அக்கா கடையில் சாப்பிட்டது நானும் எங்கள் கிட்டங்கிக் காவல்காரரும். காவல்காரருக்குக் காது கேட்காது. பரணில் கிடந்த பழைய கூடையை அக்கா இறக்கி, தூசி தட்டி, சுவரோரம் வைத்திருந்தார். நான் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். சனி சூரியனை ஒரு சுற்று வர ஏறக்குறைய முப்பது வருஷம் என்று என் புத்தகம் சொன்னது. அதில் கால் பங்கு ஏழரை. இந்த ஒரு விஷயத்தில் புத்தகமும் ஜோசியரும் ஒத்துப்போனார்கள். அது எனக்கு உதவியாக இல்லை.

அன்று சாயங்காலம் வாசகசாலையில் அவசரக் கூட்டம் போட்டோம். காரியதரிசி, பத்தர், நான், அப்புறம் அக்கா கடைக்கு இரண்டு கடை தள்ளித் தொப்பி விற்கிற பாய். பாய்க்கு நாகூர்ப் பக்கம். தொப்பி வாங்க வருகிறவர்களிடம் தொப்பியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார்.

“ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. சூரியன நாலு கடை தள்ளி வச்சுருவோம். எல்லாம் தானா நகந்துரும்” என்றார் காரியதரிசி.

பத்தர் எழுந்துவிட்டார். “குரு வந்து எறங்குன எடங்க. மஞ்சத்துணி கட்டியாச்சு. நேத்திலேருந்து ரெண்டு தாலிக்கு ஆர்டர் வந்துருக்கு. சூரியன எவன் தொடுறான்னு பாக்குறேன்.”

“அப்ப சனிய எடுத்துருவோம். ஏழு கிரகம் போதும்.”

“ஏழு எப்பிடிங்க போதும்?” என்றார் பத்தர். “மொத்தம் ஒம்பது. இந்தத் தம்பி பலசரக்குக் கணக்குல எட்டுத்தான் வருது. அதுலயும் ராகு கேதுவ எந்தக் கடையிலயும் காணோம். எங்க வச்சிருக்கீங்க?”

ராகுவும் கேதுவும் உருண்டைகள் அல்ல, நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டுகிற இரண்டு இடங்கள், அந்த இடங்களுக்குப் பக்கத்தில் சேர்ந்தால் கிரகணம் என்று விளக்கினேன். பத்தர் கேட்டுவிட்டு, “எடமா இருந்தா எடத்தக் காட்டுங்க” என்றார். சண்டை வராத விஷயம் என்று காரியதரிசி சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

பாய் அதுவரை பேசாமல் இருந்ததே அதிசயம். “ஏன் தம்பி இவ்வளவு கஷ்டப்படுறீங்க? சனிய என் கடைக்கு அனுப்பி வைங்க. எங்களுக்குச் சனின்னா வெள்ளிக்கு மறுநாள், அவ்வளவுதான். ஜாதிக்காயா இருந்தா என்ன, தேங்காயா இருந்தா என்ன, தொப்பிப் பெட்டி மேல இருந்துட்டுப் போகட்டும்.”

எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் இல்லை. பாய் கடை இருநூற்று ஐம்பத்தொன்பதாவது கெஜம். பன்னிரண்டு கெஜம் அதிகம். நிஜக் கணக்கில் நாலு கோடி மைலுக்கு மேல். ஒருவருக்குச் சங்கடம் என்பதற்காக ஒரு கிரகத்தை நாலு கோடி மைல் தள்ளி வைத்தால், அப்புறம் நான் சொல்கிற மற்றதை எவன் நம்புவான்? அதைவிட, நானே எப்படி நம்புவது? அந்த யோசனைக்குப் பக்கத்திலேயே பரணிலிருந்து இறங்கிய கூடையும் கண்ணில் நின்றது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிட்டங்கியில் மூட்டை மேல் உட்கார்ந்து புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். முன்பு புரியாமல் தாண்டிப் போன ஒரு பக்கம் இருந்தது. கிரகங்கள் போகிற பாதை சரியான வட்டம் இல்லை. முட்டையை லேசாக அமுக்கினது போன்ற நீள்வட்டம். அதனால் ஒரு கிரகம் சில வருஷம் சூரியனுக்குக் கிட்டே வரும், சில வருஷம் எட்டிப் போகும். நான் அளந்த தூரம் சராசரி. சனி உள்ளே வந்தால் இருநூற்று முப்பத்து மூன்று கெஜம் வரை வரலாம், எட்டிப் போனால் இருநூற்று அறுபத்தொன்று வரை போகலாம்.

பாய் கடை இருநூற்று ஐம்பத்தொன்பது. இரண்டு கெஜம் மிச்சம். சனிக்குச் சட்டப்படி அங்கே நிற்க உரிமை இருந்தது. நான் மூட்டையிலிருந்து இறங்கி, காவல்காரரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு மழை இல்லை. கூட்டம் நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். சனியை இடம் மாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள் பாதி. பம்பளிமாஸ் பழத்தை முக்காலியில் வைத்து, இதுதான் சூரியன், இது ஒன்றுதான் சொந்தமாக வெளிச்சம் உள்ளது, மற்றதெல்லாம் இதனிடம் வாங்கிக் காட்டுகிறவை என்று ஆரம்பித்தேன். நாவிதர் தன் கசகசாவை ஒரு வெள்ளைத் துணியில் வைத்திருந்தார். யாரோ மூச்சு விட்டதில் அது பறந்துபோக, வேறொன்று வைத்தோம். பூமிக்கு வந்தபோது, குழாய்த் திட்டில் வைத்த கடுகைக் குனிந்து பார்த்த ஒருவர், “நாம இதுலயா இருக்கோம்?” என்றார். ஆமாம் என்றேன். “நெருக்கமாத்தான் இருக்கு” என்றார்.

பத்தர் வாசலில் சாம்பிராணி போட்டிருந்தார்கள். கொட்டைப்பாக்குக்குச் சந்தனம் வைத்திருந்தது. ஒன்றுமில்லாத இடத்தை அடுத்து ஒன்றுமில்லாத இடம் என்று நடந்து நடந்து, கூட்டம் அக்கா கடையை நெருங்கியதும் ஒரு காரியம் நடந்தது. எல்லோரும் அஞ்சடியை விட்டுத் தெருவில் இறங்கி, அந்த வாசலைச் சுற்றிக்கொண்டு போய், பாய் கடை முன்னால் மறுபடி ஏறினார்கள். சனியை எங்கே வைத்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கேயிருந்து எடுத்தது என்பதும் தெரியும்.

தொப்பிப் பெட்டிமேல் ஜாதிக்காய் இருந்தது. சனிக்கு ஒரு வளையம் உண்டு என்பதால் பத்தரிடம் சொல்லி, மெல்லிய பித்தளைத் தகட்டில் வளையம் வெட்டிப் போட்டிருந்தேன். செய்து கொடுத்தாரே தவிர, ராத்திரி தன் பட்டறையில் இருக்கக்கூடாது என்று வெள்ளிக்கிழமையே என் தலையில் கட்டிவிட்டார்.

நான் பேச வாயெடுத்தேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அக்கா வந்தார். கூட்டம் வழி விட்டது. கொஞ்சம் அதிகமாகவே விட்டது. பெட்டிக்கு எதிரில் நின்று அக்கா ஜாதிக்காயைக் குனிந்து பார்த்தார்.

“இதானா?”

“இதாங்க்கா.”

“இடுப்புல என்ன, வடையாட்டம்?”

“வளையம்.”

“பூமி எங்க இருக்கு?”

நான் தெருவின் அந்தக் கோடியைக் காட்டினேன். இருநூறு கெஜத்துக்கு மேல். குழாயே மங்கலாகத்தான் தெரிந்தது. “அந்தக் குழாய்கிட்டக்கா. ஒரு கடுகு.”

“அந்தக் கடுகுல பினாங்கு எங்க?”

“அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாதுக்கா.”

“பினாங்குல என் கடை?”

 அக்கா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“பாத்தீங்களா? இம்புட்டுத் தூரத்துல நின்னுக்கிட்டு, அந்தக் கடுகுக்குள்ள, இருக்குற சனம் அத்தனைபேர்ல, என் கூடையத் தேடிப் பிடிச்சு ஏழரை வருஷம் கூடவே வந்துருக்காரு. பெத்த தாயி இவ்வளவு அக்கறை காட்டுனது இல்ல. இத்தன காலம் ஒரு வாய் குடுக்காம அனுப்பிட்டேனே.”

சொல்லிவிட்டு உள்ளே போய், ஓர் இலைக் கிழிசலில் ஒரே ஓர் இட்டிலி கொண்டுவந்து ஜாதிக்காய்க்கு முன்னால் வைத்தார். மேலே கொஞ்சம் சட்டினி.

முதலில் சிரித்தவன் அந்த ரிக்‌ஷாக்காரன்தான். அப்புறம் பாய். அப்புறம் தெருவே. ரிக்‌ஷாக்காரன் சிரித்த வாயோடு கடைக்குள் போய் உட்கார்ந்தான். மூட்டை தூக்குகிறவர்கள் அவன் பின்னால் போனார்கள். ஐந்து நாளாக வேறு கடை இட்டிலியைத் தின்று அவர்களும் நொந்து போயிருந்தார்கள் என்று நினைக்கிறேன். பத்தர் கடைசி வரை உட்காரவில்லை. நின்றுகொண்டே ஆறு சாப்பிட்டார்.

இதனால் யுரேனஸுக்கு யாரும் வரவில்லை. மீதிச் சொற்பொழிவை அக்கா கடைப் பலகைமேல் நின்றுதான் செய்தேன். இந்தக் கணக்கில் வெளிச்சம் எறும்பு வேகத்தில்தான் ஊரும், சூரியனிலிருந்து குழாய்க்கு வரவே எட்டு நிமிஷம் என்றேன். அடுப்படியிலிருந்து அக்கா கேட்டார். “அப்ப நான் கடை சாத்துனா, சனிக்கு எப்பத் தெரியும்?”

“ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுங்க்கா.”

“அதான் ராத்திரி சாத்துனப்பறமும் கொஞ்ச நேரம் தொல்லை இருந்துச்சு.”

தொங்கான் ஓட்டுகிற தண்டல் ஒருவர் இட்டிலியைப் பிட்டுக்கொண்டே, “நெப்டியூனுக்கப்புறம் என்னா?” என்றார்.

“ஒண்ணும் இல்ல. அப்புறம் அடுத்த நட்சத்திரம். நட்சத்திரம்னா நம்ம சூரியன் மாதிரி இன்னொரு பம்பளிமாஸ். தூரத்துல இருக்குறதால புள்ளியாத் தெரியுது. ரொம்பக் கிட்ட இருக்குறது நம்ம கணக்குப்படி ஏடன்ல இருக்கு.”

“எந்த ஏடன்? கப்பல் நிக்கிற ஏடனா?”

“அதேதான். இங்க ஒரு பழம், ஏடன்ல ஒரு பழம். நடுவுல எதுவும் இல்ல.”

தண்டல் கையிலிருந்த இட்டிலியை இலையில் வைத்தார். கொழும்பு தாண்டி ஏடன் வரை அந்தத் தண்ணீரைப் பார்த்தவர் அவர். “ஏடன் வரைக்குமா ஒண்ணுமே இல்ல?” என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கூட்டத்தில் வானம் எவ்வளவு பெரிது என்று நிஜமாகப் புரிந்தது அவர் ஒருவருக்குத்தான்.

அப்படி எத்தனை பழம் என்று கேட்டார்கள். நான் கிட்டங்கிக்காரன், அரிசியில்தான் சொல்லத் தெரியும். ஒரு நட்சத்திரத்துக்கு ஓர் அரிசி என்று போட்டால், எங்கள் கிட்டங்கியில் கூரை முட்ட அடுக்கினாலும் பற்றாது. ராத்திரி வானத்தில் வெள்ளையாக நீளமாகத் தெரிகிற பால்வீதி அந்த அரிசிக் குவியல்தான், நாம் அதற்குள்ளேயே ஓர் அரிசி பக்கத்தில் இருக்கிறோம் என்றேன். அதோடு முடியவில்லை. இதைப் போல் வேறு பால்வீதிகளும் தனித்தனியாக இருக்கின்றன என்று கொஞ்ச காலத்துக்கு முன்னால்தான் கண்டுபிடித்துப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். “கடலோரத்துல வரிசையா கிட்டங்கி இருக்குல்ல, அது மாதிரி. ஒவ்வொண்ணும் ஒரு கிட்டங்கி. எல்லாம் ரொம்பியிருக்கு.”

“எண்ணுறதுக்கு ஆள் இருக்கா?” என்றான் மூட்டை தூக்குகிற ஒருவன்.

“இருக்கான். நம்மள மாதிரிதான், எண்ணி முடியல.”

கை கழுவ எல்லோரும் எழுந்ததுதான் கைதட்டல்.

இரண்டு கொண்டைக்கடலையும் என் சட்டைப்பையில் இருந்தன. வைத்தாக வேண்டும். பாய் கூட வந்தார். யுரேனஸைப் பூட்டிய கதவின் படியில் வைத்துவிட்டு, படகுத்துறைக் கோடிக்கு நடந்தோம். இருட்ட ஆரம்பித்திருந்தது. எதிரே பட்டர்வொர்த் பக்கம் வியாழன் எழுந்து வந்தது, மினுங்காமல். திரும்பிப் பார்த்தால், வந்த தெருவுக்கு மேலே, மேற்கில், மஞ்சளாகச் சனி.

பாய் இரண்டையும் பார்த்தார். “அது இப்ப என் கடைக்கு மேலயா, அக்கா கடைக்கு மேலயா?”

“தெருவுக்கு மேல.”

“அப்ப முனிசிபலுக்குத்தான் சொல்லணும்” என்றார்.

நெப்டியூனைத் தூணின் மேல் வைத்தோம். ஒரு காக்கை கொண்டுபோனது. பம்பளிமாஸை வாசகசாலைக் கமிட்டியார் அன்றே உரித்துச் சாப்பிட்டார்கள். சனியைப் பாய் வீட்டில் அடுத்த விசேஷத்துக்குப் பிரியாணியில் உரசிப் போட்டார்கள். பூமி சாக்கடையில் விழுந்ததா, எறும்பு இழுத்ததா தெரியாது. யாரும் தேடவில்லை. திங்கட்கிழமை காலை படகுத்துறையில் கண்ணை ஓட்டினேன். கூடையோடு ஒருவரும் நிற்கவில்லை. கடைக்குப் போனேன். பலகையில் இடம் இல்லாமல் நின்று சாப்பிட்டேன். கூடையில் வெங்காயம் கிடந்தது.

நாலைந்து மாதம் கழித்து, நெப்டியூனுக்கும் அப்பால் ஒன்பதாவது கிரகம் ஒன்றைக் கண்டுபிடித்ததாகப் பத்திரிகையில் வந்தது. பத்தர் பத்திரிகையோடு கிட்டங்கிக்கு வந்தார்.  ஒன்பது என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார். கணக்குப் போட்டேன், ஆயிரத்து இருபது கெஜத்துக்குச் சமீபம். படகுத்துறை தாண்டி, நடுக்கடலில் விழுந்தது. அக்காவிடம் சொன்னேன்.

“அங்க யாராச்சும் கடை வச்சிருக்காங்களா?”

“இல்லக்கா, தண்ணி.”

“அப்ப இருந்துட்டுப் போகட்டும்.”

அதற்குச் சில வருஷம் கழித்து, அதே பழைய சாமான்காரனிடம், அதே புத்தகத்தின் இன்னொரு பிரதி கிடைத்தது. இதில் கடைசி இருபது பக்கம் இருந்தது. பிரபஞ்சம் அட்டவணைகளில் முடிகிறது. அதில் ஓர் அட்டவணை, ஒவ்வொரு கிரகமும் எந்த வருஷம் சூரியனுக்கு மிகக் கிட்டே வந்தது என்று சொன்னது. சனிக்கு இருந்த வருஷத்தோடு சுற்றைக் கூட்டி, பாதிச் சுற்றையும் கூட்டிப் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நாங்கள் கயிறு பிடித்த அந்த வருஷம்தான் சனி தன் பாதையில் எட்டிப் போகிற கடைசித் தூரத்தில் இருந்திருக்கிறது. இருநூற்று நாற்பத்தேழு வெறும் சராசரி. நான் தூணில் எழுதிய அன்று சனி அக்கா வாசலில் இல்லவே இல்லை. முதலிலிருந்தே பாய் கடையில்தான் இருந்தது.

கணக்குத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குப் போய், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா தட்டில் மாவை ஊற்றிக்கொண்டே கேட்டார். மூடியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“அப்ப அன்னிக்கி அந்த ரிக்‌ஷாக்காரன் எலையில விட்டுட்டுப் போனானே நாலு இட்டிலி, அதுக்கு யாரு பதில் சொல்றது?”

நான் உட்கார்ந்தேன். அக்கா இலை போட்டார்.